நான் தலையாட்டியது அதற்கு இல்லை

தலைவரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். வீட்டில் சொல்லவில்லை, கடையில் சொல்லவில்லை. தொலைக்காட்சியில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, நல்ல தமிழில் சொன்னீர்கள்.

இதைப் படிப்பவர்களுக்குத் தலைவர் யாரென்று தெரியாது. சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் தேக்காவில் பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு பழைய கடைத்தொகுதி இருக்கிறது. கீழே சாப்பாட்டுக் கடை, பூக்கடை, கைத்தொலைபேசிக் கடைகள், ஒரு பயணப்பைக் கடை. மாடியில் எங்களைப் போன்றவர்கள். நான் அங்கே பத்தொன்பது வருடமாக ரவிக்கை தைக்கிறேன். பயணப்பைக் கடைக்காரர்தான் எங்கள் கடைக்காரர் சங்கத்தின் தலைவர். பதினான்கு வருடமாக அவர்தான். ஒருமுறைகூட வாக்குப்பெட்டி வைத்ததில்லை. ஒவ்வொரு தடவையும் வாக்ஓவர். எதிரில் ஆளே இல்லாத பந்தயத்தில் ஓடி, முதலாவதாக வந்து, மாலையும் வாங்கிக்கொள்கிற மனிதர்.

போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் தொலைக்காட்சியில் ஒரு தொடர் நாடகம் தொடங்கியது. மருத்துவமனைத் தாதி ஒருத்தி வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நிற்கிறாள். அடுக்குமாடி புளோக் புளோக்காக ஏறி இறங்குகிறாள். கணவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான், மாமியார் அழுகிறார், கட்சிக்குள்ளேயே காலை வாருகிறார்கள். வாரத்தில் ஐந்து நாள், இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு. தேக்காவில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. கருத்துச் சொல்லாதவர் யாரும் இல்லை.

அந்தக் கருத்தெல்லாம் என் கடைக்குத்தான் வந்து சேர்ந்தது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிற தையல்காரியிடம் பெண்கள் எதையும் மறைக்க மாட்டார்கள். இடுப்பளவு எடுக்கும்போது மூச்சை மட்டும் உள்ளே இழுத்துப் பிடிப்பார்கள்.

குவீன்ஸ்டவுனிலிருந்து ஓர் அம்மா வருவார். நீண்ட நாள் வாடிக்கை. அவருக்கு அந்தத் தாதியைக் கண்டாலே ஆகாது.

"இவ என்ன பொம்பள? பிள்ளைக்கு எக்ஸாம். இவ வீடு வீடாப் போயி கதவத் தட்டிக்கிட்டிருக்கா."

"உங்க பிள்ளைக்கு எக்ஸாம்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"டியூஷனுக்கு அனுப்புவேன்."

"அவளும் டியூஷனுக்குத்தானே அனுப்புறா?"

"அது வேற லா."

பைக்குள்ளிருந்து துணியை எடுத்து மேசையில் விரித்தார். "அவ போட்டுக்கிட்டு வர்றாளே, காலர் வச்ச பிளவுஸ். அதே மாதிரி ரெண்டு தச்சுக் குடுங்க. கை முட்டிக்குக் கீழ வரணும்."

இப்படித்தான் எல்லாரும். அவள் அதிகம் பேசுகிறாள் என்றார் ஒருவர். எதிர்த்துப் பேசத் தெரியவில்லை என்றார் அடுத்தவர். தேர்தலில் நிற்கிறவள் இவ்வளவு சிரிக்கக் கூடாது என்று காலையில் கேட்டேன். மூஞ்சியில் சிரிப்பே இல்லை என்று சாயங்காலம் கேட்டேன். அலுவலகம் போகிற பெண் ஒருத்தி, "ரொம்ப நல்லவளா இருக்கா ஆன்ட்டி, போரிங்," என்று சொல்லிவிட்டு, நாடகத்து வில்லியின் ரவிக்கையைக் கேட்டாள். அது முதுகில் மூன்று நாடா, எனக்கு ஒரு வாரம் எடுத்தது. திட்டியவர்கள் அத்தனை பேரும் காலர் வைத்துக்கொண்டார்கள். அந்தத் தீபாவளிக்குத் தேக்காவில் எங்கே பார்த்தாலும் வேட்பாளர்கள்.

எனக்கும் ஒரு கருத்து இருந்தது. அந்த நாடகம் அறுபது பகுதிகளுக்கு மேல் ஓடியது. காலையிலிருந்து இரவுவரை அவள் வெளியிலேயே நிற்கிறாள். ஒரு தடவையாவது அவளுக்குக் கழிப்பறை தேவைப்படவில்லை. எழுதியவர் ஆணாகத்தான் இருப்பார் என்று அப்போதே நினைத்தேன்.

எங்களுக்குத் தேவைப்பட்டது. எங்கள் மாடியில் பெண்கள் கழிப்பறை ஒன்று உண்டு. ஒரு தீபாவளி முடிந்ததும் அலங்கார விளக்குகளையும் காகித மயில்களையும் பெட்டி பெட்டியாக அதற்குள் அடுக்கிப் பூட்டிவிட்டார் தலைவர். கதவில் ஒரு தாள் ஒட்டினார்: தற்காலிகச் சேமிப்பு அறை. அந்தத் தாளுக்கு லேமினேட் போட்டிருந்தார். தற்காலிகம் என்று எழுதி அதற்கு லேமினேட் போடுகிறவரை நம்பவே கூடாது. இரண்டு தீபாவளி போய்விட்டது. ஆண்கள் கழிப்பறையில் ஒரு மயில்கூட இல்லை. மாடியில் ஒன்பது கடைகளைப் பெண்கள் நடத்துகிறோம். அவசரமென்றால் படியிறங்கி, சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற ஈரத்தில் வழுக்காமல் நடந்து, வரிசையில் நின்று வர வேண்டும். கடையைப் பூட்டிவிட்டுப் போனால் வந்த வாடிக்கை போய்விடும். அதனால் ஒன்பது பேரும் மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம்.

தலைவரிடம் சொன்னேன். அவர் எல்லாப் பெண்களையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

"சிஸ்டர், அது சமுதாயப் பொருள். மழையிலயா வைக்க முடியும்?"

"உங்க கடையில வைங்க. பைக்குள்ள வைங்க. அவ்வளவு பெரிய பையெல்லாம் விக்கிறீங்க."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இந்தத் தடவை நான் நிற்பதென்று. தலைவியானால் முதல் வேலை அந்தப் பூட்டு.

நிற்பதற்கு ஒரு மனுத் தாள் வேண்டும். முன்மொழிய ஒரு கடைக்காரர், வழிமொழிய ஒரு கடைக்காரர், இரண்டு கையெழுத்து. தாள் தலைவரிடம்தான் இருக்கும். போய்க் கேட்டேன். "பிரிண்டிங்ல இருக்கு, சிஸ்டர்," என்றார். அடுத்த வாரம் போனேன். "உங்களுக்கு எதுக்கு இந்த டென்ஷன்? மகளிர் பிரிவுன்னு ஒண்ணு ஆரம்பிப்போம். கோலப் போட்டி, சமையல் போட்டி, எல்லாம் நீங்களே பாத்துக்குங்க," என்றார். அதற்கடுத்த வாரம் போனபோது அவர் எல்லை தாண்டி ஜொகூருக்குப் போயிருப்பதாகக் கடையில் சொன்னார்கள். உள்ளறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது.

கடைசியில் காப்பாற்றியவர் என் பக்கத்துக் கடை பாய். லைனிங் துணியும் பொத்தானும் விற்கிறார். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கே துணி வியாபாரம். ஒரு காலத்தில் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர். பழைய கோப்பிலிருந்து ஒரு வெற்று மனுத் தாளை எடுத்து நகலெடுத்துக் கொடுத்தார். முன்மொழிந்து கையெழுத்தும் போட்டார். எதிர்க்கடையில் புருவம் திருத்துகிற பெண், என்னை அக்கா என்று கூப்பிடுகிற தங்கை, வழிமொழிந்தாள். மனு கொடுக்கக் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. அன்றைக்கே கொடுப்பதென்று தாளை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். முன்னாலேயே கொடுத்தால் தலைவர் ஆளாளுக்குத் தொலைபேசியில் பேசிக் கலைத்துவிடுவார்.

இதற்கு நடுவில்தான் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். நாடகம் முடிகிற வாரத்தில் 'பார்வையாளர் கருத்து' என்று ஒரு சிறப்பு நிகழ்ச்சி. ஒரு சமூக மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒளிப்பதிவு. எங்கள் தொகுதியிலிருந்து ஆள் கூட்டி வரும் பொறுப்பைத் தலைவர் ஏற்றுக்கொண்டார். தனக்கு வேண்டியவர்களாகப் பார்த்துச் சேர்த்தார். பெண்கள் போதவில்லை என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் என்னையும் கூப்பிட்டார். பாய் வரவில்லை, அவருக்குக் கடை. ஞாயிற்றுக்கிழமை என்றால் புருவக்காரத் தங்கைக்கு நிமிரவே நேரமிருக்காது. குவீன்ஸ்டவுன் அம்மா மட்டும் தானாகவே பெயர் கொடுத்துவிட்டு, நான் தைத்த காலர் ரவிக்கையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

காதில் கருவி மாட்டிய பெண் ஒருத்தி எங்களை வேலை வாங்கினாள். இருபத்தைந்து வயது இருக்கலாம்.

"அங்கிள், ஆன்ட்டி, ஃபர்ஸ்ட் உங்க ரியாக்‌ஷன் எல்லாம் எடுத்துருவோம். அப்புறம் எல்லாரும் டயர்ட் ஆயிருவீங்க. ஓகே, கை தட்டுங்க!"

தட்டினோம். யாரும் இன்னும் எதுவும் பேசவில்லை.

"ஜோக் கேட்ட மாதிரி சிரிங்க!"

சிரித்தோம்.

"இப்ப யாரோ நல்ல பாயிண்ட் சொன்ன மாதிரி தலையாட்டுங்க."

"என்ன பாயிண்ட்டும்மா?" என்று கேட்டேன்.

"ஏதாச்சும் ஒரு நல்ல பாயிண்ட், ஆன்ட்டி."

"எனக்குப் பிடிக்கலேன்னா?"

"பிடிச்ச மாதிரி நெனச்சுக்குங்க லா."

நான் அந்தக் கழிப்பறைக் கதவை நினைத்துக்கொண்டேன். பூட்டு திறக்கிறது, காகித மயில்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. ஆமாம், ஆமாம், அப்படித்தான் என்று தலையாட்டினேன். "ஆன்ட்டி, நீங்க நேச்சுரல்!" என்று அந்தப் பெண் கத்தினாள். என்னை மட்டும் மூன்று தடவை ஆட்டச் சொல்லி எடுத்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பத்தொன்பது வருடத்தில் என் தையலை யாரும் அப்படிக் கத்திப் பாராட்டியதில்லை. புத்தி கெட்டுப் போய் மூன்றாவது தடவை கொஞ்சம் சிரிப்பும் சேர்த்தேன்.

பிறகு கருத்துகள். குவீன்ஸ்டவுன் அம்மா எழுந்து, "இந்நாடகம் இன்றைய பெண்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு," என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் காலரைச் சரிசெய்துகொண்டார். அடுத்து தலைவர். ஆரஞ்சு நிறத்தில் பெரிய பெரிய பறவை போட்ட பாத்தேக் சட்டை. எழுந்து, தொண்டையைச் செருமி, சொன்னார்: "பெண்கள் பொறுப்புகளை ஏற்க முன்வர வேண்டும். எங்கள் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஒரு பெண்ணிடம் ஒப்படைக்க நான் என்றும் ஆயத்தமாக இருக்கிறேன். ஆனால் இதுநாள்வரை எந்தப் பெண்ணும் வந்து கேட்டதில்லை."

எனக்கு வாய் சும்மா இருக்காது. எழுந்தேன். மைக் வருகிறவரை காத்திருக்கவில்லை, போய் வாங்கிக்கொண்டேன்.

"நான் கேட்டேன். மூணு தடவை கேட்டேன். ஃபாரம் எங்க?"

தலைவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் படித்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி நடத்துகிற பெண் அழகாகச் சிரித்து, "மிகச் சுவையான கருத்து! அடுத்து யார்?" என்றாள்.

புதன்கிழமை ஒளிபரப்பினார்கள். செங்காங் வீட்டில் நானும் என் கணவரும் தட்டோடு உட்கார்ந்து பார்த்தோம். தலைவர் வந்தார். முன்வர வேண்டும் என்றார். ஒப்படைக்க ஆயத்தம் என்றார். எந்தப் பெண்ணும் கேட்டதில்லை என்றார். அந்த இடத்தில் திரை முழுக்க என் முகம் வந்தது. ஆமாம், ஆமாம், அப்படித்தான் என்று தலையாட்டுகிறேன். சிரிப்பு வேறு. நான் எழுந்து கேட்டது எதுவும் வரவில்லை.

"அந்தாளு சொல்றதுக்கு நீ ஏன் ஆமாங்கறே?" என்றார் என் கணவர்.

"நான் ஆமாங்கல."

"பின்ன யாரு தல அது? நல்லாத்தான் ஆடுது."

அவர் தட்டிலிருந்த பொரித்த மீனை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

வியாழக்கிழமை புருவக்காரத் தங்கை பேசவில்லை. நானாகப் போனேன். நூலைப் பல்லில் கடித்தபடியே பேசினாள்.

"மகளிர் பிரிவு குடுத்துட்டாராக்கா?"

"யாரு? எதக் குடுத்தாரு?"

"எனக்கென்ன தெரியும்? இங்க வந்து சைன் போடச் சொல்றீங்க. அங்க போயி யாரும் கேக்கலேன்னு அவர் சொல்றதுக்குத் தலையாட்டுறீங்க. நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாயிருவீங்க. என் வாடகை அக்ரிமெண்ட் அடுத்த மாசம் முடியுது, ஓனர்கிட்டப் பேசுறவரு அவருதான். மாட்டிக்கிறது நான்."

நடந்ததைச் சொன்னேன். முன்னாலேயே எடுத்த தலையாட்டலை எங்கேயோ ஒட்டிவிட்டார்கள் என்றேன். நாடகம் பார்த்துப் பார்த்து எனக்கும் கதை கட்டத் தெரிந்துவிட்டது என்றாள். மனுத் தாளைக் கேட்டு வாங்கி, தன் கையெழுத்தின் மேல் ஒரு கோடு கிழித்துத் திருப்பிக் கொடுத்தாள். சாட்சிக்கு யார்? மண்டபத்தில் இருந்தவர்கள் தலைவருடைய ஆட்கள். குவீன்ஸ்டவுன் அம்மாவைக் கூப்பிட்டேன். "நீங்க பேசினீங்களா? நான் அப்ப டாய்லெட் போயிருந்தேனே," என்றார். அவருக்காவது திறந்திருந்தது.

தொலைக்காட்சி அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டேன். காதில் கருவி மாட்டிய அதே பெண்தான் பேசினாள். "டைம் பத்தல ஆன்ட்டி, உங்க பாயிண்ட்டக் கட் பண்ணிட்டோம். ஆனா உங்க தலையாட்டல வேஸ்ட் பண்ணல, பாத்தீங்களா?" அவள் குரலில் கள்ளமே இல்லை. எனக்கு உதவி செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். திட்ட வாய் வரவில்லை. இதுவரை என்னைத் தோற்கடித்தவள் அவள் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, பாய் இஞ்சி போட்ட தே ஹாலியாவை வைத்துக்கொண்டு கைத்தொலைபேசியில் அந்த நிகழ்ச்சியை மறுபடி பார்த்தார். அந்த நாடகத்தை ஒருநாள் விடாமல் பார்த்தவர் அவர். திடீரென்று, "தங்கச்சி! இங்க ஓடியா!" என்று கூப்பிட்டார். யாருக்கோ மயக்கம் என்று நினைத்து ஓடினேன். என் முகம் திரையில் நின்றுகொண்டிருந்தது.

"எத்தன தடவ பாய் பாப்பீங்க? நானே நொந்து போயிருக்கேன்."

"உன்னப் பாக்கல. உனக்குப் பின்னால பாரு. அது யாரு?"

பார்த்தேன். என் வலது தோளுக்குப் பின்னால் ஆரஞ்சு நிறம். பெரிய பெரிய பறவைகள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடித் திறந்து, பக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப காத வச்சுக் கேளு. பேசுறது யாரு?"

தலைவரின் குரல். எந்தப் பெண்ணும் வந்து கேட்டதில்லை.

"பேசுறதும் அவரு, உக்காந்து ஆமாங்கறதும் அவரு," என்றார் பாய். "பதினாலு வருசமா இப்படித்தானே ஜெயிக்கிறாரு? இப்பதான் படம் புடிச்சிருக்காங்க."

கைத்தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டு எதிர்க்கடைக்கு ஓடினேன். தங்கை ஒரு பெண்ணுக்கு ஒரு புருவத்தை முடித்து மறு புருவத்தில் நூலை வைத்திருந்தாள். படத்தைப் பார்த்தாள். ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் நூல் வாயிலிருந்து விழுந்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, என் ஐப்ரோ!" என்று அந்த வாடிக்கைக்காரி கத்த, அவளிடமும் படத்தைக் காட்டினோம், அவளும் சிரித்தாள். ஒரு பக்கம் மெலிந்தும் ஒரு பக்கம் அடர்ந்தும் இருந்த புருவங்களோடு அந்தப் பெண்ணே பேனாவை எடுத்துக் கொடுத்தாள். தங்கை கிழித்த கோட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடியும் கையெழுத்துப் போட்டாள். "மன்னிச்சிருங்கக்கா. உங்க தல அவ்வளவு நல்லா ஆடுச்சு," என்றாள்.

அன்று மாலை சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டேன். கீழே ஒரு வரி: தலைவரின் கருத்தைத் தலைவர் ஆமோதிக்கிறார். பூக்கடையிலிருந்து சிரிப்பு வந்தது, சாப்பாட்டுக் கடையிலிருந்து வந்தது, பதினான்கு வருடமாக வாயே திறக்காத கைத்தொலைபேசிக் கடைத் தம்பிகளிடமிருந்து வரிசையாக வந்தது. கால் மணி நேரம். பிறகு யாராலும் எழுத முடியவில்லை. நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குழுவை மாற்றிவிட்டார் தலைவர். நிர்வாகிகள் இரண்டு பேர். அவரும் அவருடைய மச்சானும்.

சனிக்கிழமை நாலரை மணிக்கு மனுவோடு போனேன். அவர் கடைக்கு முன்வாசல் ஒன்று, பின்வாசல் ஒன்று. பின்வாசலில் பாய் தேநீரோடு நின்றார். முன்வாசலில் தங்கை நூலோடு நின்றாள். அன்றைக்கு ஜொகூருக்குப் போக வழியில்லை. தலைவர் தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"இது பழைய ஃபாரம், சிஸ்டர்."

"புதுசு பிரிண்டிங்லயே இருக்கே."

"அடிச்சுத் திருத்தி சைன் போட்டிருக்கு. செல்லுமா செல்லாதான்னு கமிட்டி பாத்துதான் சொல்லணும்."

"கமிட்டியில யாரு?"

"நான்தான் சேர்மன்."

"வேற யாரு?"

"கூடிப் பேசிட்டுச் சொல்றோம்."

மனுவைப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கேட்டேன். ஒரு பயணப்பையின் விலைச்சீட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தார். பத்திரமாக வைத்திருக்கிறேன். இன்றோடு ஆறு நாள் ஆகிறது. கமிட்டி கூடவில்லை, அல்லது கண்ணாடி முன்னால் நின்று கூடிவிட்டது, எங்களுக்குத் தெரியவில்லை. நேற்று ஆண்டுப் பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரல் ஒவ்வொரு கடைக்கும் வந்தது. ஏழாவது அம்சம்: தலைவர், போட்டியின்றித் தேர்வு. பளபளப்பான தாள், இரண்டு வண்ணம். என் மனுத் தாளுக்குக் கிடைக்காத அச்சு இயந்திரம் இதற்கு எப்படியோ கிடைத்துவிட்டது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். குழுவில் எங்கள் வாயை மூடிவிட்டீர்கள், தொலைக்காட்சியில் நான் பேசியதை வெட்டிவிட்டார்கள். என் கடைக்கு வந்து "சிஸ்டர், நமக்குள்ள பேசித் தீத்துக்கலாம்," என்று காதோரமாகச் சொல்ல வேண்டாம். மச்சானை அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஏழாவது அம்சம் வருவதற்கு முன்னால் எழுந்து நில்லுங்கள். என் மனுவைக் கையில் பிடித்து எல்லாக் கடைக்காரர்களுக்கும் காட்டுங்கள். அது செல்லுமா, செல்லாதா? செல்லாது என்றால் சங்க விதியில் எந்த எண், அதை வாசியுங்கள். தீர்மானித்த கமிட்டியில் உங்களைத் தவிர வேறு யார், அவர்களையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். செல்லும் என்றால் வாக்குப்பெட்டி எங்கே? மைக்கில் சொல்லுங்கள், தலைவரே. எல்லாரும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.